இராமநாதபுரம் கடலோர மாணவர்கள் சிவில் பொறியியலைப் படிப்பது எப்படி?

சிவில் பொறியியலைத் தேர்ந்தெடுக்கும் இராமநாதபுரம் கடலோர மாணவருக்கு வேறு ஊர்க்காரர்களுக்கு எளிதில் கிடைக்காத ஒரு வசதி உண்டு. பாடத்தில் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் அவருடைய வீட்டைச் சுற்றியே இருக்கின்றன. உப்புக்காற்றில் கம்பி வெளியே தெரியும் சன்ஷேடு, மழைக்காலத்தில் மட்டும் நிறையும் கண்மாய், வாயில் வைத்தால் உவர்க்கும் கிணற்றுநீர், கடலுக்கு மேலே ரயில் செல்லும் பாம்பன் பாலம் ஆகிய எல்லாமே ஏதோ ஒரு செமஸ்டரின் பாடம்தான். பழைய வினாத்தாள்களை மட்டும் நம்பி எட்டு செமஸ்டர்களையும் தாண்டிவிட முடியும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்படித் தாண்டியவர்கள் வேலைக்கான நேர்காணலில், ஒரு சாதாரண உத்தரத்தில் கம்பி ஏன் அடிப்பக்கம் வைக்கப்படுகிறது என்ற கேள்விக்கே தடுமாறுகிறார்கள். எனவே முக்கியப் பாடங்களை இந்தக் கரையில் கண்ணில் படும் பொருள்களோடு சேர்த்துப் படிக்கும் முறையையே இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

சேர்க்கை குறித்துச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் பெறுபவரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பள்ளியிலிருந்து வெளியேறுவதற்கு முன்பே அதற்குரிய சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கணினிப் பிரிவுகளின் மேல் உள்ள மோகத்தால் சிவிலுக்குப் பொதுவாகக் கட்-ஆஃப் குறைவாகவே நிற்கிறது. சுமாரான மதிப்பெண் உள்ளவரும் பழைய அரசுக் கல்லூரிகளை எட்டிப் பார்க்கலாம் என்பதே இதன் பொருள். இராமநாதபுரத்திலேயே அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி உள்ளது. காரைக்குடியில் 1952-இல் தொடங்கப்பட்ட அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியும், மதுரையில் 1957-இல் தொடங்கப்பட்ட தியாகராசர் பொறியியல் கல்லூரியும் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. ஒரு கல்லூரியை முடிவு செய்யும் முன்பு அங்குள்ள இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். சர்வே முகாம் உண்மையிலேயே வெளியூரில் நடந்ததா, அல்லது கல்லூரி மைதானத்திலேயே முடிந்துவிட்டதா? காங்கிரீட் ஆய்வகத்தில், வலிமையை அறிய வார்த்த காங்கிரீட் கனசதுரத்தை உடைக்கும் இயந்திரம் ஓடுகிறதா? கட்டடத்தின் முகப்பையும் விளம்பரப் பலகையையும்விட இந்த இரண்டு பதில்கள் அதிகம் சொல்லும்.

முதலாண்டில் கணிதத்தை அரியர் இல்லாமல் முடிப்பதும், பொறியியல் வரைபடத்தைக் கையால் வரையப் பழகுவதும் போதுமான இலக்குகள். மினி டிராஃப்டரை ஓரமாக வைத்துவிட்டு நேரே ஆட்டோகேடுக்குத் தாவுவது எனக்கு உடன்பாடில்லை. ஒரு பொருளின் மேல்தோற்றத்தையும் முன்தோற்றத்தையும் மனத்தில் திருப்பிப் பார்க்கத் தெரியாதவருக்கு மென்பொருள் கோடுகளை வேகமாகத் தவறாகப் போட உதவுமே தவிர வேறு எதற்கும் உதவாது. அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில் பட்டப்படிப்பு 2010 முதல் தமிழ்வழியிலும் உண்டு. எந்த வழியில் படித்தாலும் கலைச்சொற்களை இரண்டு மொழிகளிலும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வருவது நல்லது. பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாமாண்டில் சேர்பவர்களுக்குக் களப்பழக்கம் இருக்கும், கணிதம்தான் இடறும். அவர்கள் சேருவதற்கு முந்தைய கோடை விடுமுறையில் தொகை நுண்கணிதத்தையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் தாங்களாகவே ஒரு முறை போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

விசையியலும் சன்ஷேடும்

இரண்டாம் ஆண்டில் வரும் திண்மங்களின் விசையியல்தான் இந்தப் படிப்பின் முதுகெலும்பு. இதில் தடுமாறியவர் பின்னால் வரும் கட்டமைப்புப் பகுப்பாய்வு, காங்கிரீட் வடிவமைப்பு, எஃகு வடிவமைப்பு மூன்றிலும் தடுமாறுவார். ஆகவே வாரத்தில் மற்றப் பாடங்களுக்கெல்லாம் ஒதுக்கும் நேரத்தில் பாதியை இதற்கு மட்டுமே கொடுத்தாலும் தவறில்லை.

படிக்கும் முறை எளிது. எந்தக் கணக்கைத் தொட்டாலும் முதலில் சூத்திரத்தைத் தேடாமல் உத்தரத்தை வரைந்து, சுமைகளைக் குறித்து, தாங்கிகளை எடுத்துவிட்டு அவற்றின் எதிர்விசைகளை அம்புகளாகப் போட வேண்டும். 6 மீட்டர் நீளமுள்ள, இரு முனைகளிலும் சாதாரணமாகத் தாங்கப்பட்ட உத்தரத்தின் மீது மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் சுமை சீராகப் பரவியிருந்தால் மொத்தச் சுமை 120 கிலோநியூட்டன், ஒவ்வொரு முனையிலும் எதிர்விசை 60 கிலோநியூட்டன். நடுவில் வளைவுத் திருப்புத்திறன், அதாவது உத்தரத்தை வளைக்கப் பார்க்கும் திருப்பு விளைவு (பெண்டிங் மொமென்ட்), 90 கிலோநியூட்டன் மீட்டர். இந்த 90-ஐ மனப்பாடச் சூத்திரத்தால் பெறுவதோடு நிறுத்தாமல், உத்தரத்தை நடுவில் வெட்டி இடப்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு எதிர்விசையிலிருந்தும் சுமையிலிருந்தும் நேரடியாகப் பெற்றுப் பார்க்க வேண்டும்: 60-ஐ 3-ஆல் பெருக்கினால் 180, அந்தப் பாதியில் உள்ள 60 கிலோநியூட்டன் சுமையை அதன் மையத் தூரமான 1.5-ஆல் பெருக்கினால் 90. கழித்தால் மீதி 90. இந்த வழி கைவந்துவிட்டால் எந்தச் சுமை அமைப்பு வந்தாலும் பயப்பட வேண்டியதில்லை.

பிறகு வீட்டுக்கு வெளியே வந்து ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடைப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன உத்தரம் நடுவில் தொய்வதால் அதன் அடிப்பக்கம் இழுபடும். கம்பியும் அடியில் இருக்கும். சன்ஷேடோ சுவரில் ஒரு பக்கம் மட்டுமே பிடிப்புள்ள கைத்தாங்கி என்பதால், முனை கீழே தொங்க முயலும்போது மேல்பக்கமே இழுபடுகிறது. ஆகவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். காங்கிரீட் போடும் நாளில் சித்தாள் சட்டியோடு அந்தக் கம்பியின் மேல் ஏறி நடந்தால் கம்பி கீழே அமுங்கிவிடும். பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது, ஆனால் முட்டுப் பலகையைப் பிரித்த பிறகு சன்ஷேடு ஒடிந்து விழும். திருப்புத்திறன் வரைபடத்தில் நேர், எதிர் என்று நாம் போடும் குறிகளுக்கு இவ்வளவுதான் அர்த்தம். ஆனால் அந்தக் குறியைத் தவறாகப் போட்டவர் கம்பியையும் தவறாகப் போடுவார்.

அடுத்த படிக்குப் பாம்பன் போதும். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் ஷெர்சர் தூக்குப் பகுதியில் இரண்டு இறக்கைகள் இருந்தன. திறக்கும்போது ஒவ்வோர் இறக்கையும் ஒரு பக்கம் மட்டும் தாங்கப்பட்ட கைத்தாங்கியாக மேலெழும். 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி முழுவதும் கிடைமட்டமாகவே, செங்குத்தாக உயர்கிறது. இரண்டையும் ஒரே தாளில் கோட்டுருவமாக வரைந்து, மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் விசைகள் எங்கே போகின்றன என்று குறிப்பது ஒரு மாலை நேர வேலை. இதைச் செய்து முடித்தவருக்குத் தாங்கிகளின் வகைகள் பற்றிய இரண்டு மதிப்பெண் கேள்விகளைத் தனியாகப் படிக்கும் தேவை இருக்காது.

கண்மாய்க் கரையில் சர்வே

சர்வே பாடத்தைப் புத்தகத்தில் படித்துத் தேர்ச்சி பெறலாம், கற்றுக்கொள்ள முடியாது. லேபில் ஆறு பேர் கொண்ட குழுவில் கருவியை ஒருவரே பிடித்துக்கொண்டிருப்பதும், மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டில் அளவுகளைப் பார்த்து எழுதிக்கொள்வதும் வழக்கமாக நடக்கிறது. அப்படி நடக்க விடாமல், ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு முறையாவது ஆட்டோ லெவல் என்னும் மட்டம் பார்க்கும் கருவியைத் தானே நிறுத்தி, குமிழை நடுவில் கொண்டுவந்து, ஸ்டாஃப் என்னும் அளவுக்கோலைப் படித்துவிட்டுத்தான் வெளியேறுவது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு இப்படிப் போகும். மட்டம் 4.000 மீட்டர் என்று தெரிந்த ஒரு பெஞ்ச்மார்க்கில் ஸ்டாஃபை வைத்து 1.345 என்று படித்தால் கருவியின் மட்டம் 5.345. அங்கிருந்து கண்மாய்க் கரையில் ஓர் இடத்தில் 0.980 என்று வந்தால் அந்த இடத்தின் மட்டம் 4.365. கருவியை நகர்த்தி அதே இடத்தில் 1.760 என்று படித்தால் கருவி மட்டம் 6.125, கடைசிப் புள்ளியில் 1.510 என்று வந்தால் மட்டம் 4.615. இப்போது கருவியை நிறுத்தியதும் முதலில் படித்த பின்நோக்குகளின் (1.345, 1.760) கூட்டலான 3.105-இலிருந்து, கடைசியில் படித்த முன்நோக்குகளின் (0.980, 1.510) கூட்டலான 2.490-ஐக் கழித்தால் 0.615, கடைசி மட்டத்துக்கும் முதல் மட்டத்துக்கும் உள்ள வேறுபாடும் அதுவே. இந்தச் சரிபார்ப்பு கூட்டல் கழித்தல் பிழையை மட்டுமே பிடிக்கும், ஸ்டாஃபைத் தவறாகப் படித்ததைப் பிடிக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தவறான அளவைப் பிடிக்கத் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மூடுவதுதான் வழி.

நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வாலிநோக்கம் பக்கத்து உப்பளம் போன்ற வெட்டவெளியில் நண்பகலில் ஸ்டாஃபின் எண்கள் கானல் அலையில் ஆடும். எனவே காலையிலேயே அளவுகளை முடித்துக்கொள்வதும், பார்வைக் கோடு தரையை ஒட்டிப் போகாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். இரண்டாவது, பூமியின் வளைவும் ஒளி விலகலும். இவற்றுக்கான கூட்டுத் திருத்தம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6.7 சென்டிமீட்டர், தூரத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் 2 கிலோமீட்டருக்கு அது 27 சென்டிமீட்டராகிவிடும். பாம்பன் கால்வாயின் அகலம் கிட்டத்தட்ட இவ்வளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், நீர்ப்பரப்பைத் தாண்டி மட்டம் எடுக்கும்போது இரு கரைகளிலும் கருவியை நிறுத்திச் சராசரி எடுக்கும் ரெசிப்ரோக்கல் லெவலிங் முறை எதற்காக வந்தது என்று விளங்கும்.

கண்மாயை விட்டு வருவதற்கு முன்பு, நிறைந்த கண்மாயின் மிகைநீர் வழிந்தோடும் கலுங்கையும் பார்த்துவிட வேண்டும். அகன்ற முகட்டின் மேல் வழியும் நீரின் அளவை, 1.7 என்ற கெழுவை முகட்டின் நீளத்தாலும், நீர்த்தலையின், அதாவது முகட்டுக்கு மேல் நீர் நிற்கும் உயரத்தின், ஒன்றரை மடியாலும் பெருக்கித் தோராயமாகப் பெறலாம். 20 மீட்டர் நீளமுள்ள கலுங்கில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழிந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 5.6 கன மீட்டர். உயரம் இரட்டிப்பானால் நீரின் அளவு இரு மடங்கல்ல, 2.8 மடங்கு. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்லப்படும் ராஜசிங்கமங்கலம் கண்மாய் போன்ற ஒன்றில் கலுங்கின் மட்டத்தைக் கரையின் மட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவருக்கு, நீரியல் பாடத்தின் வெள்ளக் கணக்கு வெறும் கணக்காகத் தோன்றாது.

மண் இயக்கவியலை இங்கே விரைந்து கடக்கிறேன். கரையோரத்தில் மணல், உள்ளே கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் கரிசல் என ஒரே மாவட்டத்தில் இரண்டு எதிரெதிர் மண்கள் கிடைக்கின்றன. கரிசல் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடிக்கும். மணலுக்கு அந்தத் தொல்லை இல்லை, அதன் நெருக்கம்தான் கேள்வி. அதை அறியச் செய்யும் எஸ்.பி.டி. என்னும் ஊடுருவல் சோதனையில் 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு ஒரு குழாயை மண்ணில் இறக்கி, அது முதல் 15 சென்டிமீட்டர் இறங்கிய அடிகளை ஒதுக்கி, அடுத்த 30 சென்டிமீட்டருக்கான அடிகளை எண்ணுவார்கள். அருகில் எங்கேனும் மண் சோதனைக்குப் போர் போடுவதாகத் தெரிந்தால் அனுமதி பெற்று ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம்.

காங்கிரீட்டும் உப்பும்

இந்தக் கரையில் படிப்பவர் எல்லோரையும்விடத் தெளிவாக அறிந்திருக்க வேண்டிய பாடம் இது. நல்ல காங்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. கடற்காற்றிலும் உவர்நீரிலும் உள்ள குளோரைடு காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே ஊடுருவி அந்தப் படலத்தை உடைத்துவிடுகிறது. அதன்பின் உருவாகும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால், மூடியிருக்கும் காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. உத்தரத்தின் அடியில் கம்பி போகும் வழியிலேயே நேர்கோடாக ஒரு விரிசலும் அதன் ஓரத்தில் பழுப்புக் கசிவும் தெரிந்தால் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளலான ஒலி வந்தால் காங்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். அதன் அடியில் நின்றுகொண்டு தட்டக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வகுப்பில் போடும் கணக்குகளில் பெரும்பாலும் எம்20 காங்கிரீட்டும் (எம்-க்குப் பின்னுள்ள எண் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற வலிமை), தளத்துக்கு 20 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடியிருக்கும் காங்கிரீட்டின் தடிமன்) கொடுக்கப்பட்டிருக்கும். அதையே பழகி வெளியே வருபவர் அதையே இங்கும் எழுதிவிடுகிறார். காங்கிரீட்டுக்கான இந்திய நெறிமுறையான ஐ.எஸ். 456:2000 அப்படி விடவில்லை. உப்புக்காற்றிலிருந்து மறைவாக உள்ள பரப்பு மிதமான சூழல். கடலோரச் சூழலுக்கு நேரே வெளிப்பட்டிருப்பது கடுமையான சூழல். கடல்நீர்த் தெறிப்பு படுவது மிகக் கடுமையான சூழல். ஓதம் ஏறி இறங்கும் பகுதி உச்சச் சூழல். இவற்றுக்கு அந்த நெறிமுறை கேட்கும் குறைந்தபட்சக் கம்பிக் காங்கிரீட் தரம் முறையே எம்25, எம்30, எம்35, எம்40. கம்பிக்கு மேலுள்ள கவர் முறையே 30, 45, 50, 75 மில்லிமீட்டர். எனவே வகுப்பில் ஒரு தளத்தையோ உத்தரத்தையோ வடிவமைத்து முடித்ததும், அதே கணக்கை மண்டபத்தில் கடலை நோக்கி நிற்கும் வீட்டுக்கென்று எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போட வேண்டும். கவர் கூடினால் பயனுறு ஆழம், அதாவது அழுந்தும் விளிம்பிலிருந்து இழுபடும் கம்பி வரையிலான தூரம், குறையும், கம்பி கூடும், சில வேளைகளில் தளத்தின் தடிமனையே மாற்ற நேரும். ஒரு பாடத்துக்கு இப்படி நான்கைந்து கணக்குகள் போட்டாலே நெறிமுறையின் அட்டவணைகள் தாமாக மனத்தில் நிற்கும்.

தண்ணீரைப் பற்றியும் அதே நெறிமுறை கறாராகப் பேசுகிறது. கம்பி உள்ள காங்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கலப்பதற்கும் நீராற்றுவதற்கும் கடல்நீர் பரிந்துரைக்கப்படவில்லை. குடிநீரையே குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர்களில், கலவைக்கு நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டுத் தளத்தில் பாத்தி கட்டும்போது உவர்நீரை நிரப்பிவிடும் பழக்கம் எளிதில் வந்துவிடும். அது கூடாது என்பதற்கான காரணத்தைச் சொல்லத் தெரிந்திருப்பதுதான் பொறியாளரின் வேலை. கல்லூரி ஆய்வகத்தில் குளோரைடு சோதனை செய்யும் வாரத்தில் சொந்த ஊர்க் கிணற்றுநீரை ஒரு சுத்தமான பாட்டிலில் எடுத்துச் செல்லலாம்.

நீர்-சிமெண்ட் விகிதத்தை உணர ஒரு மூட்டைக் கணக்கே போதும். 50 கிலோ மூட்டைக்கு 0.45 விகிதத்தில் நீர் 22.5 லிட்டர். கலவை இறுக்கமாக இருக்கிறதென்று யாரேனும் 5 லிட்டர் கூடுதலாக ஊற்றினால் விகிதம் 0.55 ஆகிவிடும். அதாவது கடுமையான சூழலுக்கான வரம்பிலிருந்து, உள்நாட்டின் மிக மிதமான சூழலுக்கான வரம்புக்கு ஒரே ஊற்றில் இறங்கிவிட்டது. மணலிலோ எம்-சாண்டிலோ ஏற்கெனவே உள்ள ஈரம் இதில் சேரவில்லை.

ஆய்வகத்தில் 150 மில்லிமீட்டர் கனசதுரத்தை உடைக்கும்போது இயந்திரத்தின் முள் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லிப் பழக வேண்டும். சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் வலிமைக்கு 675 கிலோநியூட்டன். ஆனால் எம்30-க்குக் கலவை வடிவமைக்கும்போது இலக்கு 30 அல்ல, 38.25 என்பதையும், அந்தக் கூடுதல் எட்டேகால் எதற்கு என்பதையும் வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் நிச்சயம் கேட்பார்கள்.

இந்திய தர நிர்ணய அமைவனம் தன் நெறிமுறைகளை இணையத்தில் இலவசமாகவே பதிவிறக்கத் தருகிறது. ஐ.எஸ். 456, எஃகுக்கான 800, கலவை வடிவமைப்புக்கான 10262 ஆகியவற்றை இரண்டாமாண்டிலேயே கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம். ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். பாடங்களும் இலவசமே, ஆனால் காணொளியைப் பார்த்து முடித்த திருப்தியைக் கணக்குப் போட்டு முடித்த திருப்தியாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

களப்பயிற்சியும் தேர்வும்

விடுமுறையில் சான்றிதழுக்காக மட்டும் ஒரு நிறுவனத்தில் பெயரைப் பதிவுசெய்வதைவிட, ஊரில் நடக்கும் ஒரு வீட்டு வேலையில் கடைக்கால் முதல் தளம் வரை இடையிடையே போய் நிற்பது நல்லது. கொத்தனாரிடம் சோதிக்கும் தொனியில் கேட்காமல், "அண்ணே, இந்த உத்தரத்துக்குக் கவர் எவ்வளவு விடுறீங்க?" என்று கேட்டால் "ஒரு இஞ்சு விடுவோம் தம்பி" என்று பதில் வரும். அந்த ஓர் அங்குலத்துக்கும் அட்டவணையின் 45 மில்லிமீட்டருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அங்கேயே விவாதிக்க வேண்டாம். கவர் பிளாக் வைக்கிறார்களா, ஜல்லித் துண்டை வைக்கிறார்களா என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். தூக்குக்குண்டு, ரசமட்டம், டியூப் லெவல் மூன்றையும் பயன்படுத்த அவரிடமே கற்றுக்கொள்ளலாம். மாணவிகளை 'நீங்கள் அலுவலகத்தில் டிராயிங் பாருங்கள்' என்று உட்கார வைப்பது இன்றும் நடக்கிறது. காங்கிரீட் போடும் நாளில் களத்தில் நிற்பதை அவர்கள் கேட்டுப் பெற வேண்டும்.

செமஸ்டர் தேர்வில் படமும் அலகும் தெளிவாக இருந்தால், கடைசி விடை தவறினாலும் வழிமுறைக்கு மதிப்பெண் கிடைக்கும். பேருந்தில் நாள்தோறும் இராமேஸ்வரத்திலிருந்தோ தொண்டியிலிருந்தோ வந்து போகிறவர்கள் சுற்றுச்சூழல், கட்டுமானப் பொருள்கள் போன்ற விளக்கப் பாடங்களைப் பயணத்துக்கு ஒதுக்கி, வீட்டில் மேசையில் அமரும் நேரத்தைக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால், கோடைத் தேர்வுகளும் அடுத்த ஆண்டுக்கான செலவும் வீட்டில் வருமானம் குறைந்திருக்கும் நேரத்தில் வந்து சேரும். அதற்கான பணத்தை மாசியிலேயே ஒதுக்கி வைக்கச் சொல்லிவிடுவது நல்லது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறத் தகுதி இருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் முதல் மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுத நினைப்பவர் மூன்றாமாண்டில் தொடங்கினால் போதும். அதன் 100 மதிப்பெண்களில் 15 பொதுத்திறனுக்கும் 13 கணிதத்துக்கும் போக மீதி 72 சிவில் பாடங்களுக்கே என்பதால், விசையியலையும் மண்ணையும் நீரையும் மேலே சொன்னபடி படித்தவருக்குப் புதிதாகச் சேர்க்க வேண்டியது வேகம் மட்டும்தான். அரசுத் துறைகளின் உதவிப் பொறியாளர் தேர்வுகளுக்கும் அடித்தளம் இதுவே.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு மென்பொருளில் இருபது மாடி வரைந்து தருவதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. இராமநாதபுரத்தில் இருபது மாடி எழுப்பப் போவதும் இல்லை. ஓர் ஊரின் கிணறுகளில் குளோரைடு அளவு, சிமெண்டின் வகையை மாற்றிக் கலந்த கனசதுரங்களை உவர்நீரிலும் நல்ல நீரிலும் ஊற வைத்து உடைத்தல், ஒரு கண்மாயின் கலுங்கு, மடை, கரை மட்டங்களின் வரைபடம் போன்றவற்றில் ஒன்றை நான்கு பேர் செய்து முடிக்கலாம். கனசதுர வேலையை எடுத்துக்கொள்பவர்கள் ஏழாம் செமஸ்டரின் தொடக்கத்திலேயே வார்த்துவிட வேண்டும், ஏனெனில் 28 நாள் வலிமை போதாது, 90 நாள் வரை ஊற வைத்தால்தான் வேறுபாடு ஓரளவு தெரியத் தொடங்கும். ஒவ்வொரு கனசதுரத்திலும் வார்த்த தேதியையும் கலவை எண்ணையும் அழியாத மையால் எழுதி, உடைத்த அன்றே அளவைக் குறிப்பேட்டில் ஏற்றி, அந்தக் குறிப்பேட்டையே வைவாவுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.